சிட்லிங்கியில் ஊசியும் நூலும்

தர்மபுரி ஜில்லா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஒகேனக்கல் அருவி ஞாபகம் வரும். அதை விட்டால் புளியும் ராகிக்களியும். கைவேலைக்கென்று நம் ஜில்லாவுக்கு ஒரு பேர் உண்டு என்று சொன்னால், "அப்படியா! எங்கே?" என்று நம் ஊர்ப் பெண்களே கேட்பார்கள். அரூரில் பஸ் ஏறி, கோட்டப்பட்டியைத் தாண்டிப் போனால், மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வருகிற இடத்தில் இருக்கிறது சிட்லிங்கி. ஒரு பக்கம் சித்தேரி மலை, இன்னொரு பக்கம் கல்வராயன் மலை. நடுவே கிடக்கிற அந்தப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் போடுகிற பூத்தையலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே அதிகம் வசிப்பவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆளுகிறவர்கள் என்பதால் இந்தப் பெயர். பேசுவது தமிழ்தான். அவர்களோடு இரண்டு தாண்டாக்களில் லம்பாடிகளும் இருக்கிறார்கள். தாண்டா என்றால் லம்பாடிக் குடியிருப்பு. இவர்கள் பேச்சு வேறு. அதற்கு எழுத்து கிடையாது. ராஜஸ்தான் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்னால் புறப்பட்டவர்கள். பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் அவர்கள் தொழில். மொகலாயர் படை தெற்கே வந்த காலத்தில் படைக்குத் தானியம் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இவர்கள்தானாம். வெள்ளைக்காரன் ரயில் விட்டான், உப்பு ரயிலில் போக ஆரம்பித்தது, பொதிமாட்டுக்கு வேலை போயிற்று. போதாததற்கு 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, இந்த மாதிரி ஊர் சுற்றிப் பிழைத்த பல கூட்டத்தார் மேல் முத்திரை குத்தினார்கள். லம்பாடிகளிலும் பலர் அதில் மாட்டிக்கொண்டார்கள். சுதந்திரம் வந்து 1952-ல்தான் அந்தச் சட்டம் முழுசாகப் போயிற்று. போன இடத்தில் காட்டைத் திருத்தி, கூலி செய்து உட்கார்ந்துவிட்டவர்களில் சிட்லிங்கிக்காரர்களும் சேர்த்தி.

மாடு போனாலும் உடுப்பு போகவில்லை. அந்த உடுப்பு என்ன சாமானியமா! ஃபேட்டியா என்று ஒரு பாவாடை, காஞ்சளி என்று முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற ரவிக்கை, துக்ரி என்று தலைமுண்டு. மூன்றிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நூல்வேலை. நடுநடுவே கண்ணாடித் துண்டு, சோழி, பழைய காசு. என் மாமியார் சொல்வார்கள்: "சந்தைக்கு அவங்க வந்தா தூரத்துலயே வெயில்ல மின்னும்டி. கிட்ட வர்றதுக்கு முன்னாடியே காசு குலுங்குற சத்தம் கேக்கும்." நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த புதுசில் அப்படி உடுத்திய கிழவிகள் ஓரிருவரைப் பார்த்ததுண்டு. அப்புறம் அதுவும் இல்லை.

ஏன் விட்டார்கள்? வயசான லம்பாடிப் பெண்மணி ஒருவரிடம் இதைக் கேட்டேன். வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார்.

"பாவாடை ஒண்ணு எத்தனை எடை இருக்கும் தெரியுமா கண்ணு? அதைக் கட்டிக்கிட்டு கரும்புக் காட்டுல குனிஞ்சு களை எடுக்க முடியுமா? வெயில் காலத்துல ஒடம்பெல்லாம் வேர்க்குரு."

"அதனாலதான் விட்டீங்களா ஆயா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பஸ்ல ஏறினா ஒரு மாதிரி பாப்பாங்க. பொட்டப்புள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சுங்க, அங்கே கூட இருக்கிறதுங்க கேலி பண்ணுச்சுங்க. அம்மா, நீ இதைக் கட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதேன்னு என் மவளே சொன்னா. அன்னிக்குப் பெட்டியில வச்சதுதான்."

எடை ஒரு காரணம், வேர்க்குரு ஒரு காரணம். ஆனால் கடைசியில் சொன்னாரே, அதுதான் காரணம். பிள்ளைகளுக்காக எல்லோரையும்போல் நைலக்ஸ் சேலைக்கு மாறினார்கள். உடுத்துவது நின்றதும் தைப்பது நின்றது. தைப்பது நின்றதும் சொல்லிக்கொடுப்பது நின்றது. இரண்டு தலைமுறை போனால் போதும், ஒரு வேலை பூமியிலேயே இல்லாமல் போய்விடும். மாவடு போடுகிற பக்குவமோ, பிரசவ லேகியம் கிளறுகிற பக்குவமோ நம் வீடுகளில் இப்படித்தானே போயிற்று?

இதை நிறுத்திப் பிடித்தது ஓர் ஆஸ்பத்திரி என்றால் ஆச்சரியப்படுவீர்கள்.

டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்ற தம்பதி 1993-ல் சிட்லிங்கிக்கு வந்து பழங்குடியினர் நல முனைப்பு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் வைத்தியம் வேண்டுமென்றால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் போன இடம் அது. முதல் ஆஸ்பத்திரி மண் சுவரும் கூரையும் போட்ட குடிசைதான். ஊர்க்காரர்களே சேர்ந்து கட்டியது. ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸுகளாகவும், கிராமத்துக்கு ஒருத்தியாக சுகாதார ஊழியர்களாகவும் ஆக்கினார்கள். பின்னாளில் சிசு மரணம் ஆயிரத்துக்கு இருபது சொச்சமாக இறங்கியது.

சாவு குறைந்தது, சரி. ஆனால் நோய் எங்கிருந்து வருகிறது? சாப்பாட்டிலிருந்தும் வருமானத்திலிருந்தும்தான். மழை பொய்த்தால் குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பிழைக்கப் போவதும், குழந்தைகள் பள்ளிக்கூடத்தை விடுவதும், ரத்தசோகையோடு திரும்பி வருவதும் நின்றபாடில்லை. மாத்திரை மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம்? அதனால் ரசாயன உரமில்லாமல் மஞ்சளும் பருத்தியும் சிறுதானியமும் விளைவிக்கிற விவசாயிகள் சங்கம் ஒன்று உருவாயிற்று. அதே எண்ணத்தின் இன்னொரு கிளைதான் லம்பாடிப் பெண்களின் தையல்.

2006 வாக்கில் தேடிப் பார்த்தபோது, அந்தத் தையலை முழுசாக அறிந்த பெண்கள் இரண்டே பேர். இரண்டே பேர்! இருவரும் வயதானவர்கள். இளம்பெண்கள் சிலரை அவர்களிடம் உட்கார வைத்தார்கள். பெட்டியில் கிடந்த பழைய பாவாடை ரவிக்கைகளை எடுத்து வந்து, ஒவ்வொரு தையலாகப் பார்த்துப் பார்த்து மீட்டார்கள். அப்படி உருவான சங்கத்துக்குப் 'போர்கை' என்று பெயர் வைத்தார்கள். லம்பாடிப் பேச்சில் 'பெருமை' என்று அர்த்தம். வெட்கப்பட்டுப் பெட்டியில் வைத்த துணிக்கு இப்படி ஒரு பெயர்! இரண்டு பேரில் ஆரம்பித்தது ஐம்பது அறுபது பெண்கள் வரை வளர்ந்தது.

தையல் தெரிந்த சகோதரிகளுக்காக வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நாம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் கற்றுக்கொண்ட எம்பிராய்டரிக்கு முதலில் துணியில் பென்சிலால் பூ வரைந்துகொள்வோம். இவர்கள் வரைவதில்லை. துணியின் இழையை எண்ணித்தான் ஊசி போகிறது. அதனால் கட்டம், முக்கோணம், சாய்சதுரம், கூண்டு என்று கணக்குப் பிசகாத உருவங்களாகவே வரும். கர்நாடகத்தில் சந்தூர் பக்கத்து லம்பாடிகளும் இதே குடும்பத்துத் தையலைப் போடுகிறவர்கள்தான். அங்கே கிலான், வேலே, பக்யா, மாக்கி என்று பதினான்கு வகைக்குப் பெயர் சொல்கிறார்கள். சந்தூர் வேலைக்கு 2010-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் பக்கத்தில் நீலகிரித் தோடர்களின் தையலுக்கு 2013-ல் கிடைத்த மாதிரி.

கண்ணாடி பதிப்பது இருக்கிறதே, அது தனி வித்தை. கண்ணாடியில் ஓட்டை கிடையாது, பசையும் கிடையாது. கண்ணாடியைத் துணிமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மேலே இரண்டு, கீழே இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு என்று நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுகிறார்கள். நடுவில் சின்னச் சட்டம் மாதிரி வரும். பிறகு துணியில் ஒரு குத்து, அந்தச் சட்ட நூலில் ஒரு வளையம் என்று மாற்றி மாற்றிச் சுற்றிவரப் போடுகிறார்கள். போடப் போட நூல் வெளிப்பக்கம் இழுபட்டு, கண்ணாடி வட்டமாகத் திறக்கிறது. நூல் தளர்ந்தால் கண்ணாடி நழுவிவிடும், இறுகினால் துணி சுருங்கிவிடும். வீட்டில் நானும் ஒன்று பதித்துப் பார்த்தேன். ரூபாய்க் காசு அளவு கண்ணாடிக்கு முக்கால் மணி நேரம். பழகின கை நான் ஒன்று முடிப்பதற்குள் பல முடித்துவிடும். ஆனாலும் ஒரு தலையணை உறையில் எத்தனை கண்ணாடி, எத்தனை கட்டம் என்று எண்ணிப் பாருங்கள்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். இழை எண்ணுகிற வேலைக்கு அது பெரிய எதிரி. கண்ணாடி போட்டுக்கொண்டால் சரியாகிவிடுகிற விஷயத்துக்கு, "எனக்கு வயசாயிடுச்சு, இனி முடியாது" என்று ஊசியை வைத்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்! காலை வெளிச்சத்தில் தைப்பது நல்லது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தித் தூரத்து மரத்தைப் பார்க்க வேண்டும். முதுகுக்குச் சுவர் வேண்டும். நடுவிரலுக்கு அங்குஸ்தான் வேண்டும். வீட்டில் எந்தக் கைவேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இந்த வேலை மெதுவானது. மெதுவானது என்பதை ஒரு குறையாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். வெளிநாட்டில் இதையே ஒரு கொள்கையாகப் பேசுகிறார்கள். 1986-ல் ரோம் நகரத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது கார்லோ பெட்ரினி என்பவரும் கூட்டாளிகளும் எதிர்ப்புத் தெரிவித்ததிலிருந்து 'ஸ்லோ ஃபுட்' என்ற இயக்கம் வளர்ந்தது. உள்ளூரில் விளைந்ததை உள்ளூர்ப் பக்குவத்தில் நிதானமாகச் சமைப்பது என்று அர்த்தம். (நம் வீட்டுக் களிக்கும் கீரைக் கடைசலுக்கும் இத்தாலிக்காரர் வந்து பெயர் வைக்க வேண்டியிருக்கிறது!) அதே வழியில் 2007-ல் இங்கிலாந்தில் கேட் ஃப்ளெட்சர் என்ற பெண்மணி துணிமணிக்கும் 'ஸ்லோ ஃபேஷன்' என்று எழுதினார். இப்போது வீடு கட்டுவது, சாமான் செய்வது எல்லாவற்றுக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. சாரம் இதுதான்: பக்கத்தில் கிடைக்கிற பொருள், தெரிந்த கை, நெடுநாள் உழைக்கிற சாமான், மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத முறை.

வேகத்தின் லட்சணம் என்ன என்று நமக்குத் தெரியாததா? பங்களாதேஷில் டாக்கா பக்கத்தில் ராணா பிளாஸா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் முந்தின நாளே விரிசல் கண்டிருந்தும், மறுநாள் தைக்க வரச் சொன்னார்கள். 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி கட்டடம் இடிந்தது. செத்தவர்கள் 1,100 பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்கள். அவ்வளவு தூரம் ஏன்? நம் திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் மாடுகூடக் குடிக்க முடியாமல் போன கதை தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவைச் சுத்திகரிப்பதில் அவர்களுக்குச் சுறுசுறுப்பு வந்தது. நம் ஜில்லாவிலிருந்து எத்தனை பெண்பிள்ளைகள் அங்கே மில் வேலைக்குப் போய், மூன்று ஷிப்ட் பார்த்து, மாதவிடாய் தவறி, இரத்தம் வற்றித் திரும்பி வந்திருக்கிறார்கள்! எங்கள் தெருவிலேயே இருந்தாள் ஒருத்தி.

தாண்டாவில் தைக்கிற பெண் அப்படி இல்லை. ஆடு கட்டி, சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஊசியை எடுக்கிறாள். மாமியாருக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் எடுப்பதில்லை. சங்குப் பிடித்து அழைக்க ஆள் இல்லை. எவ்வளவு தைத்தாளோ அவ்வளவுக்குக் காசு. என்னைக் கேட்டால், மெதுவான வேலை என்பதில் அழகைவிட இதுதான் முக்கியம். வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது.

ஆனால் விலை என்று ஒன்று இருக்கிறதே! என் நாத்தனார் சேலத்தில் இருக்கிறாள். நான் காட்டிய பையைப் பார்த்ததும் முதல் கேள்வியே, "இதுக்குப் போய் இவ்வளவா அண்ணி? எங்க கடைத்தெருவுல இதே மாதிரி நூறு ரூபாய்க்குத் தொங்குது."

தொங்குவது உண்மை. அதையும் வாங்கி வரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். கடைத்தெருப் பையில் தையலே இல்லை, தையல் மாதிரி அச்சடித்திருந்தது. கண்ணாடி பிளாஸ்டிக் தகடு, பசை போட்டு ஒட்டியது. உள்பக்கம் திருப்பினால் வெள்ளைத் துணி. கைவேலைப் பையை உள்பக்கம் திருப்பினால், முன்பக்கத்துக் கணக்கு அப்படியே பின்னாலும் தெரிகிறது. "ஒரு பை தைக்க நாலு நாள் ஆகுதுன்னு வச்சுக்கோ. உங்க வீட்டுக்குக் கொத்தனார் வந்தா நாலு நாள் கூலி எவ்வளவு குடுப்பே?" என்று கேட்டேன். "கொத்தனாரும் இதுவும் ஒண்ணா?" என்றாள். ஏன் ஒன்றில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. பெண்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலை என்றால், சும்மா இருக்கிற நேரத்தில் செய்தது என்று நாமே கணக்குப் போட்டுவிடுகிறோம். அப்பளம் இடுகிறவளுக்கும் இதே கணக்கு, கூடை முடைகிறவளுக்கும் இதே கணக்கு.

அதற்காக வாங்க முடியாதவர்கள் கடன்பட்டு வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் இவர் சம்பளத்தில்தான் எல்லாம். ஆனால் வருஷத்துக்கு அரை டஜன் மலிவுப் பை வாங்கிக் கிழித்துக் குப்பையில் போடுகிறோமே, அந்தக் காசு மொத்தத்தையும் கூட்டிப் பார்த்ததுண்டா?

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. பழைய தையல் மீண்டுவிட்டது, சரி. ஆனால் அது இப்போது மெத்தை உறையிலும் கைப்பையிலும் குர்த்தாவின் கழுத்துப் பட்டையிலும் ஏறி, சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது. அதைத் தைக்கிற பெண் கட்டியிருப்பதோ அச்சுப்போட்ட பாலியெஸ்டர் சேலை. தன் அடையாளத்தைத் தைத்து அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு, தான் அடையாளமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாளே, இது என்ன நியாயம்?

இதை அந்த ஆயாவிடம் கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"நீ உன் பாட்டி கட்டின மாதிரி கண்டாங்கி கட்டிக்கிட்டா வந்திருக்கே?" என்று திருப்பிக் கேட்டார்.

நான் கட்டியிருந்தது கடையில் வாங்கிய சிந்தெட்டிக் சேலை. பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த மருமகள் சிரித்துவிட்டாள். பிறகு அவளே சொன்னாள்: "எங்களுக்கு அந்தப் பாவாடை வேணாங்க்கா. ஆனா கல்யாணத்துல ஒரு ரவிக்கையாவது அந்த வேலைப்பாட்டுல போட்டுக்கணும்னு இப்ப பொண்ணுங்களே ஆசைப்படுதுங்க. முன்னெல்லாம் அதைப் பார்த்தாலே ஒளிச்சு வைப்பாங்க."

அவள் பெண் எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாவின் மடியிலிருந்த துணியை இழுத்து இரண்டு கட்டம் போட்டுவிட்டு விளையாட ஓடினாள். அவள் நர்ஸாகத்தான் போவாளாம். போகட்டும், நல்ல வேலை. ஊசியும் தெரிந்து நர்ஸாகவும் போனால் யாருக்கு நஷ்டம்? ஆனால் அவள் தலைமுறையில் எத்தனை பேர் இழை எண்ண உட்காருவார்கள் என்பதை இன்னும் பத்து வருஷம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பேரிலிருந்து அறுபது ஆனது மறுபடி இரண்டாக எத்தனை நாள் ஆகும்? பிள்ளைகளைக் கட்டிப்போட்டுக் கற்றுக்கொடுக்கவும் முடியாது. தைத்தால் மரியாதையாகப் பிழைக்கலாம் என்று கண்ணால் பார்த்தால் ஒருத்தி இரண்டு பேர் வருவார்கள்.

இப்படிக் கைவேலைத் துணி வீட்டில் இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், கண்ணாடி உடைந்து துணியைக் கிழிக்கும். முதல் தடவை நனைக்கும்போது ஒரு மூலையை ஈரமாக்கி வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்து, சாயம் போகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். பூந்திக்கொட்டையை இரவில் ஊறவைத்துக் கசக்கி வடிகட்டிய தண்ணீரில், பச்சைத் தண்ணீர் கலந்து, மெதுவாக அலசினால் போதும். சோடா கலந்த சோப்பு வேண்டாம். முறுக்கிப் பிழியக் கூடாது. பழைய துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றிவிட்டு, உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி போடுவதானால் கீழே கெட்டித் துண்டு விரித்து, தையலைக் கவிழ்த்துப் பின்பக்கம்தான் போட வேண்டும். பீரோவில் ரசகற்பூரத்துக்குப் பதில் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து போடலாம். ஒரு கண்ணாடி கழன்றால் தூக்கி எறியாதீர்கள். மேலே சொன்ன முறையில் நீங்களே பதித்துவிடலாம்.

ஆர்டர் கொடுக்க நினைப்பவர்கள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஓடாதீர்கள். "எப்ப கிடைக்கும்?" என்று நான் கேட்டபோது அந்த மருமகள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். மழை பிடித்துவிட்டால் விதைப்பு, தை பிறந்துவிட்டால் அறுப்பு, அதை ஒட்டி மஞ்சள் வெட்டு. அப்போதெல்லாம் ஊசி தொடமாட்டார்களாம். "சித்திரையில வாங்கக்கா, காட்டு வேலை இருக்காது, நிதானமா போட்டுத் தர்றேன்" என்றாள். என் பெரிய பெண்ணுக்கு ஒரு ரவிக்கைத் துணியும், சிவப்பிலும் பச்சையிலும் நூலும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.